புல்மேல் கிடந்த கையுறை

டாக்டர் கெஸ்லர் வெள்ளிக்கிழமை காலை அந்த விரலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை பார்த்தார். இடக்கை மோதிர விரல். நடுக்கணுவுக்குக் கீழே தோல் பிளந்திருந்தது. பிளவின் அடியில் வெண்மையாக ஒன்று தெரிந்தது. அது எலும்பு என்று கார்மக் டெவேனிக்குத் தெரியும். மற்ற விரல்களில் அதை அவன் முன்பே கண்டிருக்கிறான்.

“எத்தன நாளா இப்படி இருக்கு?”

“செவ்வாய்க்கெழமையிலேர்ந்து.”

“அதுக்கப்புறம் ஆடினியா?”

“புதன்கெழம ஆடினேன். நேத்தும்தான்.”

டாக்டர் அவனை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் மனைவி நோராவின் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இதே எடத்துல இன்னொரு தடவ பந்து பட்டுப் பொளந்துச்சுன்னா ரத்தத்துல விஷம் ஏறிடும். அப்புறம் விரல எடுக்கணும். விரலோட நிக்குமா, மணிக்கட்டு வரைக்கும் போகுமான்னு கத்திய வெச்ச பிறகுதான் எனக்கே தெரியும். ஒண்ணு மூணு மாசம் வீட்ல உக்காரு. இல்லையா, ஊர் ஒலகத்துல எல்லாரும் போடுற மாதிரி ஒரு கையுறையப் போட்டுக்க.”

“ரெண்டும் ஆகாது டாக்டர்.”

“ஏன் ஆகாது?”

சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஏன் ஆகாது என்பதை வீலிங் நகரத்தின் ஆணி ஆலைகளில் வேலை செய்கிற அத்தனை பேரும் அறிவார்கள்; ஆற்றில் போகிற படகுக்காரர்கள்கூட அறிவார்கள்.

பதினேழு வயதில் அவன் கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடத் தொடங்கியபோது, விளையாட்டுக்குக் கூலி வாங்குகிறவனைக் கனவான்கள் கழைக்கூத்தாடியோடு சேர்த்தே எண்ணினார்கள். அன்று பந்தெறிகிறவன் கையைத் தோளுக்கு மேலே உயர்த்தலாகாது. தாழ்ந்த கையால்தான் வீச வேண்டும். மட்டையாளன் ‘மேலே’ என்று கேட்டால் மேலேயும், ‘கீழே’ என்று கேட்டால் கீழேயும், விருந்தாளிக்குப் பரிமாறுவதைப் போலப் பந்தைக் கொண்டுவந்து தர வேண்டும். பின்னர் கை தோளுக்கு ஏறிற்று; தோளுக்கும் மேலே ஏறிற்று. பந்தின் வேகம் மும்மடங்காயிற்று. விதிகள் ஆண்டுதோறும் சட்டை மாற்றிக்கொண்டன. அணிகள் பிறந்தன, நொடித்தன, வேறு பெயரில் மறுபடி பிறந்தன. இவ்வளவுக்கும் நடுவே இரண்டாம் திண்டின் அருகில் டெவேனி நின்றுகொண்டிருந்தான். மைதானத்தின் நான்கு முனைகளில், ஓடுகிறவன் மிதித்துப் போவதற்கென்று போட்ட வெள்ளைத் துணித் திண்டுகளில் அது இரண்டாவது. அதன் காவல் அவனுடையது. இருபத்திரண்டு கோடைகள் அவன் அங்கே நின்றிருக்கிறான்; அந்த இருபத்திரண்டிலும் வெறுங்கையோடு நின்றிருக்கிறான்.

அவன் விரல் ஒவ்வொன்றும் ஓர் ஊர். வலக்கைச் சுண்டுவிரல் டிராய் நகரில் ஒடிந்து, ஒடிந்த வாக்கிலேயே கூடியது. இடக்கைக் கட்டைவிரல் லூயிவில்லில். ஆள்காட்டி விரலுக்கு இரண்டு ஊர்கள் பங்குக்கு வந்தன. இரண்டிலும் அதே கணுதான். ஜெபமாலையின் மணிகளை உருட்டுகிறவனைப் போல அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்த ஆண்டு, யார் அடித்த பந்து, அன்று வெயிலா மூட்டமா என்பது வரை சொல்லிவிடுவான். கேட்கிறவர்கள் கோவிலில் நிற்பதைப் போல நின்று கேட்பார்கள்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், மெயின் தெருச் சாராயக் கடையில், யாரோ ஒருவன் பாஸ்டனிலிருந்து வாங்கிவந்த தோல் கையுறையை மேடையின் மேல் வைத்துக் காட்டினான். டெவேனி அதை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தான். “இத மாட்டிக்கிட்ட அன்னிக்கு டெவேனி ஆட்டத்த விட்டுட்டான்னு எழுதிக்குங்கய்யா” என்றான். பக்கத்தில் பத்திரிகைக்காரன் ஒருவன் இருந்தான், எழுதிக்கொண்டான். மறுநாள் அச்சில் வந்தது. பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும், ஆட்டப் பருவம் தொடங்குகையில், அந்த வாக்கியம் தவறாமல் மறு அச்சு கண்டது. நாட்டிலுள்ள ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையுறைக்குள் போய்விட்டார்கள். டெவேனி போகவில்லை. ஊரில் ஒரு சுருட்டு வணிகர் அவன் இரு உள்ளங்கைகளையும் படமாக்கிப் பெட்டியின் மேல் ஒட்டி விற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவன் பிறந்த ஊரான வீலிங்கின் அணிக்கே ஆடத் திரும்பிவந்தபோது, ரயிலடியில் அவனை வரவேற்றவர்கள் முதலில் அவன் கைகளைத்தான் பார்த்தார்கள். நாவிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் இப்படிப் பருத்து, சுவராகி, அவனைச் சுற்றி நின்றது.

“மூணு மாசம் வீட்ல இருந்தா கொறஞ்சா போயிடுவ?” என்று திரும்பும் வழியில் நோரா கேட்டாள். “கூரை ஒழுகுது. பாக்க ஆளில்ல.”

“முப்பத்தொம்போது வயசுல உக்காந்தவன எழுப்பமாட்டாங்க நோரா. அந்த எடத்துல இருபது வயசுக்காரன் ஒருத்தன் நின்னுக்கிட்டிருப்பான்.”

“அப்ப கையுறை?”

“ஊர் சிரிக்கும்.”

“சிரிச்சா?”

அவன் நின்று அவளைப் பார்த்தான். அவள் கேலி செய்யவில்லை. விடை அறியத்தான் கேட்டாள். ஆட்டத்தைத் தவிர வேறொரு வீட்டில் அவன் குடியிருந்ததே இல்லை. அந்த வீட்டுக்குக் கையே கதவு என்றும், கையை மூடினால் கதவு மூடிவிடும் என்றும் அவன் நம்பியிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஆற்றின் நடுவே தீவில் உள்ள மைதானத்துக்கு, தொங்கு பாலம் அதிர அதிர, ஊர் திரண்டு வந்தது. எதிரணி ஸ்டூபன்வில், ஆற்றின் மேல்பக்கத்துப் பங்காளி ஊர். பங்காளிக்குள் எத்தனை காய்ச்சல் இருக்குமோ அத்தனையும் அந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே இருந்தது.

டெவேனி விரலைத் துணியால் சுற்றி, சுற்றிய துணியைப் பசையால் ஒட்டியிருந்தான். தன் இடத்துக்குப் போனபோது வழக்கம் போலப் புல்லின் மேல் ஒரு கையுறை கிடந்தது. ஓர் அணி மட்டை பிடிக்கப் போகும்போது, கையுறைகளைக் கழற்றித் தாங்கள் நின்ற இடத்திலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். பெஞ்சு வரை யாரும் சுமந்து போவதில்லை. திரும்பிவரும்போது எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒவ்வொரு முறையும், எதிரணியின் இரண்டாம் திண்டுக் காவலன் கழற்றிப் போட்ட கையுறை, இன்னும் அவன் கைச்சூடு ஆறாமல், டெவேனியின் காலடியில் கிடக்கும். பதிலுக்குப் போட்டுவிட்டுப் போக டெவேனியிடம் ஒன்றும் இருக்காது. அந்த வெறும் புல்லில்தான் பல ஆண்டுகளாக அவன் பெருமை இருந்தது.

ஸ்டூபன்வில்லின் அந்தக் காவலன் ஓரின் ஹாப்குட். வயது இருபத்திரண்டு, வாய்க்கு வயது அதற்கும் கூடுதல். சுற்று முடிந்து இருவரும் இடம் மாறிக் கடக்கும்போதெல்லாம் அது திறந்துகொள்ளும்.

“பெருசு, பாத்து நடங்க. என் கையுறை மேல கால வெச்சிடாதீங்க.”

“வெச்சா அதுக்குப் பெருமைடா.”

“விரல என்ன பார்சல் மாதிரி கட்டியிருக்கீங்க? யாருக்கு அனுப்பப் போறீங்க?”

“ஒங்கப்பனுக்குத்தான். அவன் அடிச்ச பந்த இந்தக் கையாலதான் பிடிச்சேன். அவனும் ஒன்ன மாதிரியே வாய் ஓயாம பேசுவான், போறப்ப மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவான்.”

ஹாப்குட் சிரித்துக்கொண்டே போனான். அவன் தகப்பனும் அப்படித்தான் சிரிப்பான்; டெவேனிக்கு நினைவிருந்தது.

முதல் நான்கு சுற்றுகளில் பந்து அவன் பக்கம் அதிகம் வரவில்லை. ஐந்தாம் சுற்றில் ஒன்று இடப்பக்கமாக உருண்டு வந்தது. எளிய பந்துதான். இடக்கையைத் தாழ்த்தி அள்ள வேண்டியவன், உடம்பையே சுற்றி வலக்கையால் எடுத்தான். அந்த அரைக் கணத்தில் ஓடியவன் முதல் திண்டை மிதித்துவிட்டான். முதல் திண்டில் நின்ற அணித்தலைவன் லூடி க்ரோன் பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு, துணி சுற்றிய விரலைப் பார்த்தான். அந்தப் பார்வை டெவேனிக்கு உறைத்தது.

ஏழாம் சுற்றின்போது வீலிங் ஐந்து, ஸ்டூபன்வில் மூன்று. மட்டை பிடித்த ஸ்டூபன்வில்லில் இரண்டு பேர் ஆட்டமிழந்திருந்தார்கள்; மூன்றாமவன் ஆட்டமிழந்தால் சுற்று முடியும். இரண்டு பேர் திண்டுகளின் மேல் ஓடத் தயாராக நின்றார்கள். மட்டையாளன் பருத்த ஆள். அவன் அடித்த பந்து தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வளையாமல், தாழாமல், டெவேனியின் இடக்கையை நேராகத் தேடி வந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படிப்பட்ட பந்து ஆயிரம் வந்திருக்கும். ஆயிரத்துக்கும் அவன் கை முன்னே போயிருக்கிறது. இப்போதும் கையைப் போகச் சொன்னான். அது போகவில்லை. காய்ச்சிய இரும்பைக் கண்ட பிள்ளையின் கையைப் போலப் பின்னால் ஒடுங்கிற்று. அதனோடு உடம்பும் விலகிற்று. பந்து அவன் இடுப்பருகே சீறிக்கொண்டு போய்ப் பின்புறப் புல்வெளியில் விழுந்தது. இருவரும் ஓடி முடித்தார்கள். ஐந்துக்கு ஐந்து.

மைதானம் ஓய்ந்துவிட்டது. ஓர் ஏச்சு இல்லை. ஒரு சீழ்க்கை இல்லை. இரண்டாயிரம் பேர் ஒருசேர வாய் மூடியிருப்பதன் கனத்தை டெவேனி அன்றுதான் அறிந்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

க்ரோன் மெல்ல நடந்து வந்தான். அவன் டெவேனிக்குப் பத்து வயது இளையவன்; இந்த ஊரில் வளர்ந்தவன்; சிறுவயதில், டெவேனி இங்கே ஆடத் தொடங்கிய நாட்களில், வேலியின் ஓட்டை வழியாக இவன் ஆட்டத்தைப் பார்த்தவன்.

“அண்ணே, துணி நனஞ்சிருக்கு. ரத்தம்.”

“தெரியும்.”

“வெளிய வந்து உக்காருங்களேன். ஒரு ரெண்டு சுத்துதான மிச்சம்.”

“உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்டா லூடி.”

“அப்ப என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க. நான் சொல்ற எடத்துலயா இருக்கேன்?”

டெவேனி தலை குனிந்து நின்றான். பந்துக்கு விலகினோம் என்னும் நினைவைத் தவிர அவன் உள்ளத்தில் அப்போது வேறெதுவும் இல்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ விதமாகத் தோற்றிருக்கிறான், ஒருநாளும் விலகியதில்லை. கையுறை மாட்டிய அன்று ஆட்டத்தை விட்டவனாவேன் என்று சொன்ன வாய், மாட்டாமலேயே இன்று ஆட்டத்தை விட்டுவிட்டதை எண்ணிப் பார்த்தான். வெறுங்கை இருந்தது; ஆட்டக்காரன் இல்லை. சொல்லைக் காப்பாற்றுவதாக எண்ணி, எதற்காக அந்தச் சொல்லைச் சொன்னானோ அதையே இழந்து நிற்கிறான். இது விளங்கியபோது அவனுக்கு அழுகை வரவில்லை. வெகுதூரம் தவறான பாதையில் நடந்துவிட்டவனுக்கு, தவறு என்று தெரிந்த கணத்தில் கால் சற்று இளகுமே, அப்படி இருந்தது.

அவன் காலுக்கு இரண்டடி தள்ளிப் புல்லின் மேல் ஹாப்குட்டின் கையுறை கிடந்தது. மண்ணிறத் தோல், உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் பஞ்சுத் திணிப்பு. வேறொன்றுமில்லை. டெவேனி குனிந்தான். எடுத்தான். துணி சுற்றிய விரல் உள்ளே போக மறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான், போயிற்று.

நிமிர்ந்து, எதிரே பார்வையாளர்கள் இருந்த மரக்கொட்டகையைப் பார்த்தபடி, சிரிப்புக்காகக் காத்து நின்றான்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆணி ஆலைக்காரர்கள் உட்காரும் மலிவுப் பலகையிலிருந்து ஒரு தடித்த குரல், தொண்டையைத் திறந்து, “அப்பாடா!” என்றது.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல் பலகை பலகையாகத் தாவிற்று. நெடுநேரம் அடக்கிய மூச்சை ஊரே ஒன்றாக விட்டதைப் போல ஒரு பெருமூச்சு எழுந்து, ஆற்றுக்காற்று நாணலைச் சாய்த்துக்கொண்டு வருவது போல மைதானத்தின் மேல் படர்ந்து வந்தது. அதன் பின்னால் கைத்தட்டல். ஆண்கள் தொப்பியை எறிந்தார்கள். பெண்கள் பகுதியில் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். டெவேனிக்கு ஒன்றும் புரியவில்லை. கேலி செய்கிறார்களோ என்று முகங்களைத் தேடினான். கேலி எங்குமில்லை.

கேலி இல்லாத அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரே ஒருவன் மட்டும் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

“அது என்னோடது! நடுவரே, என்னோடதுங்க அது! திருட்டு!”

நடுவர் முன்னே வந்தார். தொங்குமீசைக்காரர், எதையும் அவசரப்பட்டுச் சொல்லாதவர்.

“யார் திருடினது?”

“இதோ, பெருசு! பட்டப்பகல்ல!”

“அவர் மைதானத்த விட்டு எங்கயும் போகலியே. திருடுறவன் ஓடணும்ல?”

“என் கையுறைய மாட்டிக்கிட்டு எங்க ஆளயே அவுட்டாக்கப் பாக்குறாருங்க. எந்த ஊர் ஞாயம் இது?”

நடுவர் சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி உரக்கப் படித்தார்: கையுறையின் எடை இன்ன அளவுக்கு மிகக் கூடாது, உள்ளங்கைச் சுற்றளவு இன்ன அளவுக்கு மிகக் கூடாது. புத்தகத்தை மூடினார்.

“எட இருக்கு, அளவு இருக்கு. யாரோடதுன்னு ஒண்ணும் போடல. ஆட்டத்த நடத்துங்க.”

ஹாப்குட் டெவேனியின் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றான். ஏதோ பெரிதாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். துணியிலிருந்து கசிந்த சிவப்பு, கையுறையின் ஓரத்தில் இறங்கியிருந்தது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டான்.

“சரி, போட்டுக்குங்க” என்றான், தணிந்து. “எங்கம்மா வாங்கித் தந்தது. எடுத்த எடத்துலயே வெச்சிட்டுப் போகணும், ஆமா.”

“வெக்கிறேன்டா.”

“ரத்தத்தத் தொடச்சிட்டு வைங்க.”

அடுத்த மட்டையாளன் அடித்த பந்து, வேறெங்கும் இடமில்லாதது போல, டெவேனியிடமே வந்தது. இந்த முறை கை முன்னே போயிற்று, தயங்காமல் போயிற்று. பந்து உள்ளங்கையில் ‘பொத்’தென்று விழுந்தது. வலிக்கவில்லை. பந்து கையில் விழுந்து வலிக்காமல் இருப்பது அவனுக்கு அத்தனை புதுமையாக இருந்ததால், விரல்களை மூட மறந்தான். பந்து நழுவிக் காலடியில் விழுந்தது. கொட்டகை சிரித்தது, குழந்தை முதல் அடி வைத்து விழுந்தால் வீட்டார் சிரிக்கிற சிரிப்பு. அவனும் சிரித்துக்கொண்டே வலக்கையால் பொறுக்கி எறிந்தான். க்ரோன் பிடித்தான். அவுட்.

“என் கையுறையே எங்களுக்குத் துரோகம் பண்ணுதே!” என்று பெஞ்சிலிருந்து ஹாப்குட் தலையில் அடித்துக்கொண்டான்.

மீதிச் சுற்றுகளில் ஒரே கையுறை இரண்டு ஊர்களுக்கும் உழைத்தது. டெவேனி துடைத்துப் புல்லில் வைத்துவிட்டுப் போவான், ஹாப்குட் எடுத்துக்கொள்வான். அவன் போட்டுவிட்டுப் போவான், இவன் எடுத்துக்கொள்வான். ஒன்பதாம் சுற்றில் ஸ்டூபன்வில் ஓர் ஓட்டம் எடுத்தது, வீலிங் தோற்றது. அந்தத் தோல்வியைப் பற்றி அன்று ஊரில் பேசினவர்கள் குறைவு.

ஆட்டம் முடிந்து ஆடை மாற்றும் அறையில் க்ரோன் பெஞ்சின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இப்பவாவது சொல்லிடறேன். மூணு வருஷமா நம்ம பந்தெறியிற பசங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா? ரெண்டாம் திண்டு பக்கம் அடிக்கிற மாதிரிப் போட்டுத் தொலைக்காதீங்கடான்னு.”

“அடப்பாவி!”

“பந்து ஒங்க பக்கம் வரப்பல்லாம் ஒங்க விரலுக்கு என்ன ஆச்சோன்னுதான் நெனப்புண்ணே. நீங்க பிடிச்சு எறியிறீங்க, நான் ஒங்க கையப் பாக்கறதா, பந்தப் பாக்கறதா? இந்த வருஷம் விட்டேன்ல நாலு, எல்லாம் அதனாலதான்.”

“நாலு இல்லடா, ஏழு.”

“ஏழுதான். சரி, ஏழு.”

டெவேனிக்குச் சினம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. தான் ஊருக்காகச் சுமந்ததாக எண்ணிய ஒன்றை ஊர் தனக்காகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. இருவரும் ஒருவர்க்கொருவர் அஞ்சி இறக்கி வைக்காமல் நின்றிருக்கிறார்கள். பதின்மூன்று ஆண்டுகள்!

வாசலில் பங்குத்தந்தை ஷீஹி நின்றுகொண்டிருந்தார். குட்டையான மனிதர். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாவசங்கீர்த்தனம் என்னும் பாவ அறிக்கையைக் கேட்கும் நேரத்தை ஆட்டம் முடிகிற நேரத்துக்குத் தள்ளி வைத்தவர். டெவேனி தொப்பியைக் கழற்றினான்.

“சாமி, ஒரு சந்தேகம். நான் அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னேன். இன்னிக்கு அத மீறிட்டேன். அது பாவமா?”

“நேர்ந்துக்கிட்டது ஆண்டவர்கிட்டயா?”

“இல்லீங்க சாமி.”

“பின்ன எங்க?”

“சாராயக் கடையில.”

“அப்ப நான் மன்னிக்கிற எடத்துல இல்லப்பா. சாராயக் கடைக்காரன்கிட்டப் போய்க் கேளு.” சற்று நின்று, குரலைத் தாழ்த்தி, “மாதர் சங்கத்துப் பொம்பளைங்க நாலு வருஷமா ஒன் விரலுக்காக நவநாள் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்காங்க. நீ சொன்னாக் கேக்கமாட்டன்னு மாதாகிட்டப் போயிட்டாங்க. இனிமே வேற எதுக்காச்சும் வேண்டிக்கலாம். கோயில் மணி வெடிச்சுக் கெடக்கு” என்றார்.

பாலத்தில் நோரா அவனுக்காகக் காத்திருந்தாள். இருவரும் கூட்டம் கரையட்டும் என்று கைப்பிடியில் சாய்ந்து நின்றார்கள். கீழே ஓஹையோ ஆறு பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

“கையுறைய மாட்டினப்ப ஒனக்கு எப்படி இருந்துச்சு?” என்று அவன் கேட்டான்.

“நான் எங்க பாத்தேன்?”

“அங்கதான இருந்த?”

“அங்கதான் இருந்தேன். கண்ண மூடிக்கிட்டு இருந்தேன்.” அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கல்யாணமாகி ரெண்டாவது வாரத்துல ஒன் ஆள்காட்டி விரல் ஒடஞ்சுது பாரு, அதப் பாத்ததுதான் கடைசி. அதுக்கப்புறம் ஒன் பக்கம் பந்து வருதுன்னா கண்ண மூடிடுவேன். வெறுங்கையில பந்து பட்டா ஒரு சத்தம் வரும் கார்மக், கசாப்புக் கடையில கேக்குமே, அந்த மாதிரி. அத வெச்சு, பிடிச்சிட்டன்னு தெரிஞ்சுக்குவேன்.”

“இத்தன வருஷமாவா?”

“இத்தன வருஷமா. இன்னிக்குக் கூட்டம் மொத்தமா அப்பாடான்னுச்சு. யாரோ செத்துட்டான்னு நெனச்சுதான் கண்ணத் தொறந்தேன்.”

“செத்தா அப்பாடான்னா சொல்லுவாங்க?”

“ஆளப் பொறுத்தது.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். பாலத்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு ஓய்ந்தபோது கண்ணில் நீர் இருந்தது, தோளில் கனமில்லை. இத்தனை காலம் கனம் இருந்தது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை டாக்டர் கெஸ்லர் விரலைப் பார்த்து, ஒருமுறைதான் பார்த்து, “தப்பிச்சுது” என்றார். செவ்வாய்க்கிழமை டெவேனி கடையில் வாங்கிய புதுக் கையுறையோடு ஆடினான். விறைத்த தோல், இரண்டு பந்துகளை விட்டான், நான்கைப் பிடித்தான். ஒரு சுற்று முடிந்து பெஞ்சுக்குத் திரும்பும்போது எல்லோரையும் போல அதைப் புல்லில் எறிந்துவிட்டு நடந்தான். வீட்டில் இரவு உணவுக்கு உட்கார்ந்தபோது நோரா, எதையோ எப்படிச் சொல்வது என்று எண்ணுகிறவளைப் போல உருளைக்கிழங்கைக் கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன?” என்றான் அவன்.

“ஒண்ணுமில்ல.”

“சொல்லு.”

“இன்னிக்கு முழுசாப் பாத்தேன். மொதல் சுத்துலேர்ந்து கடைசி வரைக்கும்.”

“பாத்து?”

“கார்மக், நீ இவ்வளவு மெதுவா ஓடுவன்னு என்கிட்ட யாருமே சொல்லலியே.”

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

“இன்னும் ரெண்டு உருளைக்கெழங்கு வை” என்றான்.